காப்புக் கட்டுன கை

அந்த ஓரத்துல உக்காராதிய அண்ணாச்சி, மேல ஏசித் தண்ணி சொட்டும். இங்கிட்டு வாங்க, எடம் கெடக்கு. நான் முந்தாநாளுலருந்து இங்கதான் இருக்கேன், எங்க சொட்டும், எங்க எறும்பு கடிக்கும் எல்லாம் எனக்கு அத்துப்படி. மகளுக்குப் பேறுகாலமா? நல்லபடியா ஆகும். ஆகாம என்ன. நெத்தியக் காட்டுங்க. அட, சும்மா காட்டுங்க, துட்டு கிட்டு ஒண்ணுங் கிடையாது. கரைமேல் மாடசாமி துன்னூறு இது. எத்தனையோ பேருக்கு இந்தக் கையால பூசி விட்டுருக்கேன்.

கைய என்ன பாக்கிய? மஞ்சக் கயிறா? அதான் காப்பு. நான் சாமிகொண்டாடி அண்ணாச்சி. பேரு கொம்பையா. எங்க கோயில்ல மாடசாமி எம் மேலதான் வருவாரு. எங்கய்யா மேல வந்தாரு, அவரு காலத்துக்கு அப்புறம் எங்கண்ணன் மேல வருவாருன்னு ஊரே நெனச்சுது. அவன் புது வேட்டி எல்லாம் கட்டிட்டு வந்து நின்னான், பாவம். ஆனா எம் மேல வந்தாரு. அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? சாமி யாரு மேல வரணும்னு சாமிதான் தீர்மானிக்கணும்.

எனக்கும் பிள்ளைதான் பொறந்துருக்கு. ஆம்பளப் பிள்ள. நாளு ஆகதுக்கு முன்னயே பொறந்துட்டு. அந்தா கண்ணாடிக் கதவு தெரியுதுல்லா, அதுக்குள்ள வச்சிருக்காவ. சின்னக் கையில ஊசியச் சொருகி மருந்து ஏத்துதாவ. அதுகூடப் பரவால்ல. டாக்டரம்மா என்ன சொல்லுதா தெரியுமா? என்னைய ஊசி போட்டுக்கோங்குதா! சீக்கு பிள்ளைக்கு, ஊசி அப்பனுக்கு. இந்த அநியாயத்த எங்கயாவது கேள்விப்பட்டுருக்கியளா? நான் நடந்ததச் சொல்லுதேன், கூட்டாமக் கொறைக்காமச் சொல்லுதேன். பொறவு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

நமக்குத் தொழில் பரோட்டா. கொச்சியில மாஸ்டரா இருந்தேன். மாவப் பெசஞ்சு, எண்ணெய் தடவி, வீசுனேம்னா பல்லு வெளக்காம வந்தவன்கூட நின்னு பாத்துட்டுப் போவான். கடை வாசல்ல, ரோட்டப் பாத்தாப்ல கல்லு. நாலு பேரு பாக்க வேல செய்யுத ஆளுக்குக் கைதான எல்லாம்? அந்தக் கையில வந்துது புள்ளி. ரெண்டு உள்ளங்கையிலயும், செம்பு நெறத்துல, புள்ளி புள்ளியா. அரிப்பு கிடையாது, வலி கிடையாது. உள்ளங்கால்லயும் அதே மாதிரி. கல்லு சூடுன்னு நெனச்சேன். மைதாவுல என்னமோ கலக்குதான்னு நெனச்சேன். மொதலாளி ஒருநா பாத்துட்டாரு. "எடா, ஆளுக பாக்குதாவ, ரப்பர் ஒற மாட்டு"ன்னாரு. ஒற மாட்டிக்கிட்டு பரோட்டா அடிக்க முடியுமா அண்ணாச்சி? மாவு பேசாது. நாலு நா பாத்தேன். பொறவு ஊருக்குப் போயி கைய சரி பண்ணிட்டு வான்னு அனுப்பிட்டாரு.

அதுக்கு முன்ன ஒண்ணு இருக்கு. சொல்லத்தான வேணும், கொறைக்காமச் சொல்லுதேன்னு சொல்லிட்டேன். ஆம்பளைக்கு ஆம்பள என்ன மறைக்க? ஒரு லீவு நாளு, கடைப் பயலுவ எல்லாம் ஒரு எடத்துக்குப் போனானுவ. நானும் போனேன். ஒரு தடவ. சரி, ரெண்டு தடவ. மனசு கேக்கல. மறுநாளே குளிச்சிட்டு, மஞ்சத் துணியில ஒரு காச முடிஞ்சு, "மாடா, தப்பு நடந்துபோச்சு, கோயில் கொடைத் திருநாளுக்கு வந்து ஒம் முன்னால வைக்கேன்"னு கும்புட்டுட்டேன். அதோட அது தீந்துது. சாமிக்கும் எனக்கும் உள்ள சங்கதி, சாமிக்கும் எனக்குமா முடிஞ்சுது. இதுல மூணாவது ஆளுக்கு என்ன வேல? கொஞ்ச நாள்ல கீழ ஒரு புண்ணு வந்துது. வலியே இல்லாத புண்ணு. யாருகிட்டயுஞ் சொல்லல, துன்னூறு பூசுனேன், தானாப் போயிட்டு. அதுக்கு எடையில ஊருக்கு ரெண்டு மட்டம் வந்துட்டுப் போனேன். கல்யாணம் ஆயி ஒரு வருசம்கூட ஆகல, வராம இருக்க முடியுமா?

அப்பதான் ஜெபக்கனி சிஸ்டர் போன் போட்டா. எங்க ஊரு நர்ஸு. ஊருல எந்தப் பொம்பள முழுகாம இருந்தாலும் அவளுக்கு மூக்குல வேர்த்துரும், பையத் தூக்கிட்டு வந்துருவா. எம் பொண்டாட்டி மாரிக்கனி மூணு மாசமா இருக்கான்னு எனக்கே அவதான் சொல்லுதா. சந்தோசத்துல துள்ளிட்டேன். அடுத்த பேச்சுல, "ஒங்க வீட்டம்மா ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு தம்பி, அவளுக்கு ஊசி போட்டாச்சு, நீங்களும் வந்து போட்டுக்கிடணும், ஒடனே வாங்க"ங்கா. என்ன கோளாறுன்னு கேட்டேன். நேர்ல வாங்க, சொல்லுதேன்னா. அவ வேதக்காரி பாத்துக்கிடுங்க, ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவ. கொடை வாற நேரம் பாத்து என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுதாளே, இதுல என்னமோ உள்குத்து இருக்குன்னு எனக்கு அப்பவே தோணிச்சு.

ஊருக்கு வந்தேன். கோயில்ல கொடைக்குப் பந்தக்கால் நாட்டி, எனக்குக் காப்பும் கட்டிட்டாவ. வழக்கமா எட்டு நா விரதம். நான் என்ன செஞ்சேன், கையில இப்பிடி இருக்கு, தப்பு வேற நடந்துருக்கு, இந்த வருசம் கொடையக் கொஞ்சம் தள்ளி வைங்க, நான் ஒரு மண்டலம் இருக்கப் போறேன்னு சொல்லிட்டேன். ஊருக்கு மெய் சிலுத்துப் போச்சு. எங்கய்யாகூட ஒரு மண்டலம் இருந்ததில்ல.

காப்புக் கட்டுனா என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? ஒங்க பக்கமும் உண்டும்லா? கறி கிடையாது, மீன் கிடையாது, வேட்டிய அடுத்த ஆளு தொடப்படாது. பொம்பள வாடையே ஆகாது. கோயில்லதான் படுக்கை. ஒடம்புல இரும்பு படப்படாது. சவரக் கத்தி கிடையாது, நகவெட்டி கிடையாது. இதுக்கு நடுவுல இந்த சிஸ்டரு கோயில் வாசலுக்கே வந்துட்டா. செருப்பக் கழத்திப் போட்டுட்டு, குடைய மடக்கிக்கிட்டு, வெளியில நின்னே கூப்பிடுதா. "தம்பி, ஒரு ஊசிதான். இடுப்புல போட்டா முடிஞ்சுது"ங்கா. "ஒடம்புல இரும்பு படப்படாது சிஸ்டர்"ன்னேன். "அப்ப கையில வல்லயம் புடிச்சு ஆடுதியளே, அது இரும்பு இல்லியா?"ங்கா. எப்பிடிக் கேள்வி பாத்தியளா! அது சாமி ஈட்டி. அதுவும் ஊசியும் ஒண்ணா? பக்கத்துல இருந்த எங்க பெரியப்பா சிரிச்சிட்டாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துது, காப்புக் கட்டிருக்கோமேன்னு அடக்கிட்டேன்.

அவ விடல. மெதுவாச் சொல்லுதா, "இது புருசங்காரன்கிட்ட இருந்து வாற நோவு தம்பி. வெளிய ஆறுன மாதிரி இருக்கும், ரத்தத்துல இருக்கும். எங்க சபையிலயும் ஒருத்தரு ஜெபத்துல சொகமாயிட்டுன்னு ஊசி போடாமயே இருந்தாரு. நான் அவருகிட்டயும் இதேதான் சொன்னேன். இப்ப அவரு பொண்டாட்டிக்கு ரெண்டு பிள்ள தங்கல"ன்னா. பாத்தியளா, அவ சாமி கைவிட்டுட்டுன்னா நம்ம சாமியும் கைவிடும்னு நெனக்கா. போறப்ப மாரிக்கனி கையில ஒரு பொட்டலம் குடுத்துட்டுப் போயிருக்கா. நிரோத்து. காப்புக் கழத்துனாலும் அவரு ஊசி போடுத வரைக்கும் இது இல்லாம ஆகாதுன்னு சொல்லிருக்கா. சாமி உடுப்புப் பெட்டி இருக்க வீடு அண்ணாச்சி! சல்லடமும் குல்லாயும் இருக்க வீட்டுக்குள்ள அதக் கொண்டுபோயி வைக்கலாமா? எங்கம்மைட்ட சொல்லி அடுப்புல போடச் சொல்லிட்டேன்.

மாரிக்கனி ஏன் இப்பிடிச் செஞ்சியன்னு கேக்கல. அவ அப்பிடித்தான், பேச்சு கம்மி. நோவு எங்கருந்து வந்துச்சுன்னு சிஸ்டரு அவகிட்ட சொல்லிருப்பா, சொல்லாம இருப்பாளா? ஆனா இவ ஒரு சத்தம், ஒரு அழுகை, ஒரு சண்டை? ஒண்ணுங் கிடையாது. மத்தியானம் சோறு கொண்டாந்து கோயில் மதில்கிட்ட வைப்பா. வச்சிட்டு, அங்கனயே நின்னு, "ஊசி போட்டியளா?"ன்னு கேப்பா. "காப்புக் கட்டிருக்கேம்லா"ம்பேன். போயிருவா. மறுநாளும் அதே. "ஊசி போட்டியளா?" ஏதோ காப்பி குடிச்சியளான்னு கேக்குத மாதிரி.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஒரு மண்டலமும் அவ நல்லா இருந்தா அண்ணாச்சி. நான் கோயில்லருந்து தூரத்துல பாக்கேன், மொகத்துல ஒரு தெளிச்சி, கன்னம் வச்சிருக்கு, வயிறு லேசா மேடு தட்டுது. தலை நெறையப் பூ வச்சிக்கிட்டு வருவா. நான் விரதம் இருக்கது அவளுக்கும் பிள்ளைக்கும் போயிச் சேருதுன்னு நெனச்சிக்கிடுவேன். தப்பா? நீங்களே சொல்லுங்க.

இப்பக் கேளுங்க, முக்கியமான எடம். கொடைக்கு ரெண்டு மூணு நா இருக்கும்போது ஆத்துல முங்கிட்டு எந்திரிக்கேன். வெயில் நல்லா அடிக்கு. கண்ணுத் தண்ணியத் தொடைக்கக் கைய விரிச்சா, புள்ளி இல்ல. ஒரு புள்ளி இல்ல! இந்தக் கையத் திருப்பிப் பாக்கேன், அந்தக் கையத் திருப்பிப் பாக்கேன், காலத் தூக்கிப் பாக்கேன். சுத்தம். பொறந்த பிள்ளைக்கு இருக்க மாதிரி இருக்கு. ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டே அழுதுட்டேன் அண்ணாச்சி. சின்னப் பயலாட்டம் வாய் விட்டு அழுதேன். ஒரு மாத்திர முழுங்கல, ஒரு களிம்பு தடவல. யாரு எடுத்தா? சொல்லுங்க, யாரு எடுத்தா?

கொடையில சாமி வந்து நிக்கும்போது ரெண்டு கையயும் தூக்கி சனத்துக்குக் காட்டிருக்கேன். எனக்கு நெனவில்ல, பொறவு சொன்னாவ. பொம்பளைய போட்ட கொலவை அடுத்த ஊருக்குக் கேட்டுருக்கு.

கொடை முடிஞ்சு, காப்புக் கழத்தி, வீட்டுக்கு வாறேன். அந்திப் பொழுது. எங்கம்மை பக்கத்து வீட்டுல இருக்கா. மாரிக்கனி வெளக்கு பொருத்திட்டு நிக்கா. அத்தன நாளு கழிச்சு வாறேன், என்னா சந்தோசத்துல வாறேன். இவ என்ன கேக்கா? "ஊசி போட்டியளா?" நான் சிரிச்சிட்டேன். "இங்க பாரு"ன்னு வெளக்குக்கிட்ட ரெண்டு கையயும் விரிச்சேன். "மாடன் எடுத்துட்டாரு, பாரு"ன்னேன். அவ பாத்தா. ரொம்ப நேரம் கையவே பாத்துக்கிட்டு நின்னா. ஆமான்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. நான் வெளக்க அமத்திட்டேன்.

என்ன அண்ணாச்சி, தலையத் தொங்கப் போட்டுட்டிய? எம் பொண்டாட்டிதான. விரதம் முடிஞ்சு ஒருத்தன் வீட்டுக்கு வாறது குத்தமா?

பொறவு சிஸ்டரு மறுபடியும் ரத்தம் எடுக்க வரச் சொல்லி ஆள்மேல ஆள் விட்டா. மாரிக்கனி வந்து கேட்டா, "போயிட்டு வரட்டா?"ன்னு. வேண்டாம்னுட்டேன். சாமி எடுத்தாச்சு. எடுத்ததுக்கு மேல எடுத்தாச்சான்னு ரத்தத்தக் குத்திப் பாத்தா, அது சாமியச் சந்தேகப்படுத மாதிரி இல்லியா? ஒங்க மொதலாளி குடுத்த சம்பளத்த அவரு கண்ணு முன்னாலயே எண்ணிப் பாப்பியளா? அவளும் சரின்னுட்டா. சிஸ்டரு வீட்டுக்கு வந்தப்போ எங்கம்மை கதவத் தெறக்கல. அவ வாசல்ல நின்னு, "ஏட்டி மாரிக்கனி, ஏட்டி மாரிக்கனி"ன்னு கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிட்டாளாம்.

நான் பொறவு கொச்சிக்குப் போகல. போக விடல ஊரு. கைய சாமி சொகப்படுத்துன விசயம் பரவிட்டு. வெளியூருலருந்து எல்லாம் ஆளு வருது. துன்னூறு கேட்டு வாறது பூராவும் ஆம்பளைய. கோயில் கூட்டம் கலைஞ்ச பொறவு, ஒவ்வொருத்தனா, தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "சாமி, ஒண்ணு சொல்லணும்"னு வருவானுவ. டாக்டருட்ட சொல்லாதத எங்கிட்ட சொல்லுவானுவ. பொண்டாட்டிட்ட சொல்லாதத சொல்லுவானுவ. வேட்டிய அவுத்துக் காட்டுன ஆளுகூட உண்டு. தளவாய்னு ஒரு பய, லோடு ஆட்டோ ஓட்டுதவன், எங்க தெருதான். கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு, கீழ புண்ணோட வந்து நிக்கான், அழுதுட்டான். ஒரு மண்டலம் சுத்தமா இருடா, கறி பொம்பள ரெண்டும் ஆகாதுன்னு சொல்லி துன்னூறு குடுத்தேன். ஆறிட்டு! எனக்கு ஆறுன மாதிரியே ஆறிட்டு. கால்ல விழுந்து எந்திரிச்சுப் போயி தாலி கட்டுனான். இப்ப அவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா.

அதப் பாத்துதான் பக்கத்து ஊருக்காரவ இந்த ஆவணிக் கொடைக்கு என்னையக் கூப்பிட்டாவ. அவிய சாமிகொண்டாடிக்குக் காலுல சொகமில்ல. மாரிக்கனிக்கு நாளு இன்னும் கெடந்துது. இருந்தாலும் எங்க பெரியப்பா, "எதுக்கும் காப்ப முன்னயே கட்டிரு, காப்புக் கட்டுன பொறவு பேறுகாலத் தீட்டு ஒட்டாது"ன்னு சொன்னாரு. அது உள்ளதுதான், எங்க பக்கம் அப்பிடித்தான். காப்புக் கட்டிட்டா பெத்த தகப்பன் செத்தாலும் தீட்டு கிடையாது. கட்டுன ரெண்டாம் நாளே பனிக்கொடம் ஒடஞ்சிட்டு.

அந்த டாக்டரம்மா, சின்னப் பொண்ணு அண்ணாச்சி, எங்க தங்கச்சி வயசுதான் இருக்கும். என்னைய ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு பொறுமையாச் சொன்னா. கையில வாற புள்ளி தானா வரும், தானாப் போகும், அதான் அந்த நோவோட கொணம்னா. போனது புள்ளிதான், நோவு உள்ள இருக்குன்னா. மொத ஊசியில மாரிக்கனிக்கு சரியாத்தான் ஆயிருக்கும், பொறவு மறுபடியும் வந்துருக்குன்னா. எங்கருந்து வந்துதுன்னு அவ சொல்லல. நானும் கேக்கல. "அப்ப மாடன் எடுத்தது?"ன்னு கேட்டேன். எங்கூடச் சண்டை போடுவா, சிரிப்பான்னு பாத்தேன். போட்டுருந்தா நானும் நாலு வார்த்த பேசிருப்பேன். அவ, "அது எனக்குத் தெரியாதுங்க. ரத்தத்துல இருக்கு, அதான் எனக்குத் தெரியும். இன்னைக்கே ஊசி போட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பிள்ளையப் பாக்கப் போயிட்டா.

பிள்ளையப் பாத்தேன். காப்புக் கட்டுனவன் போகப்படாதுதான், சாமிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனேன். இம்புட்டுப் போலதான் இருக்கான். உள்ளங்கையில தோலு உரியுது. ஒரு கைய அசைக்கவே மாட்டேங்கான், சும்மா கெடக்கு. எலும்புக்குள்ள வலியாம். பேச வாயில்லாத பிள்ளைக்கு எலும்புல வலி. துன்னூறு பூசலாம்னு வெரல நெத்தியில வச்சேன். அண்ணாச்சி, வீறிட்டான் பாருங்க. ஊரு பூரா எங் கையப் புடிச்சுத் தலையில வச்சுக்கிடுது. எம் பிள்ள நான் தொட்டா அலறுதான். நர்ஸு ஓடியாந்து, "தொடாதீங்க, அவனுக்கு வலிக்கும்"னா. யாரு தொட்டாலும் அழுவானாம். அப்பிடித்தான் சொன்னா.

ஊசி போட வரிசையில நின்னேன் அண்ணாச்சி, நிக்கலன்னு நெனச்சிராதிய. நேத்தும் நின்னேன், இன்னைக்கிக் காலையிலயும் நின்னேன். எனக்கு முன்னால ஒரே ஒரு ஆளுதான் பாக்கி. கைய மடக்கிக்கிட்டு நிக்கேன், காப்பு கண்ணுல படுது. இந்த இடுப்புல ஊசி எறங்குனா, அன்னைக்கி ஆத்துல நான் அழுதது என்னது? கொலவை போட்டாளுவளே, அது என்னது? எங்கய்யா மேல வந்தது, எம் மேல வந்தது எல்லாம் என்னது? தளவாய் பய வந்து, "அண்ணே, நீங்க ஊசி போட்டியளாமே, அப்ப நானு?"ன்னு கேட்டா நான் என்ன சொல்ல? அவன் பொண்டாட்டி வயித்துல உள்ளதுக்கு நான் என்ன சொல்ல? எத்தன பேரு வந்தானுவன்னு எனக்கு மொகம்கூட நெனவில்ல. அடுத்துன்னு கூப்பிட்டாவ. வந்துட்டேன்.

போட்டுக்கோடாங்கிய. ஒங்களுக்கென்ன, லேசாச் சொல்லிட்டிய. எனக்கும் போட்டுட்டா நல்லதுன்னுதான் ஒரு மனசு சொல்லுது. கால் வரமாட்டேங்கு. எனக்கு ஒரு வழியுந் தெரியல அண்ணாச்சி. மாடங்கிட்ட கேக்கலாம்னா, அவரு வந்தா எம் மேலதான் வரணும். நான் யாருகிட்டப் போயி குறி கேக்க?

காலையில மாரிக்கனி என்னைய உள்ள கூப்பிட்டு விட்டா. மொகம் வத்திப் போயிருக்கு. எப்பவும் கேக்குதது கேப்பா, பதிலு சொல்லணுமேன்னு பயந்துக்கிட்டே போறேன். அவ அதக் கேக்கல. இந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு, "இத என்னைக்கிக் கழத்துவிய?"ன்னா. "கொடை முடிஞ்சு, வெள்ளிக்கெழம"ன்னேன். கையெடுத்துக் கும்புட்டா அண்ணாச்சி. என்னைய. கட்டுன புருசன, மாடசாமிய கும்புடுத மாதிரி ரெண்டு கையயும் சேத்துக் கும்புட்டுட்டு, "கழத்தாதிய. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம், சாவுத வரைக்கும் கழத்தாதிய"ன்னா.

என்ன பேச்சு இது? நானும் காலையிலருந்து ரோசிக்கேன். மொதல்ல பக்தியிலதான் சொல்லுதான்னு நெனச்சேன். இத்தன நடந்தும் சாமி மேல நம்பிக்க போகலியேன்னு பெருமையாக்கூட இருந்துது. வெளிய வந்து இங்க உக்காந்த பொறவு அந்தப் பெருமை போயிட்டு. அவ கும்புட்ட கையி கண்ணுக்குள்ளயே நிக்கு. ஏன்னு கேக்காதிய, தெரியல.

அந்தா, வேன் வந்துட்டு. வெள்ள வேன், மாலை போட்டுருக்கு பாருங்க, அது எனக்குத்தான். பக்கத்து ஊருக்காரவ. இன்னைக்கிக் குடியழைப்பு, சாமியக் கோயிலுக்கு அழைக்குத நாளு, நான் இல்லாம நடக்காது. எங்க பெரியப்பாவும் எறங்குதாரு. போகலன்னா விடுவாவளா? ஊரே காத்துக் கெடக்கும். ஒரு ஊரக் காக்க வைக்க முடியுமா?

அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. நீங்க இங்கதான இருப்பிய? மைக்குல "மாரிக்கனி வீட்டுக்காரர்"னு கூப்பிடுவாவ. மருந்து வாங்க, கையெழுத்துப் போட, எதுக்காவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பாவ. கொஞ்சம் போயி நின்னுருங்க. எங்கம்மை சாயந்தரம் வந்துருவா, அதுவரைக்குந்தான். பிள்ளைக்கு ஏதும் ஒண்ணுன்னா... இல்ல, ஒண்ணும் ஆகாது. நெத்தியில துன்னூறு இருக்கு, நான் வச்சதுதான்.

இந்தா வாறேன் பெரியப்பா, ஒரு நிமிசம்!

மாரிக்கனி ஒங்களக் கூப்பிட்டுக் கேப்பா அண்ணாச்சி. கேக்காம இருக்க மாட்டா, எனக்குத் தெரியும். ஊசி போட்டுட்டுத்தான் போனாருன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க.